கதவும் காவல்கூலியும்: ஐரோப்பிய நகரங்களின் யூத கெட்டோக்கள்

கெட்டோ என்ற சொல்லைத் தமிழில் நாம் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் பார்க்கிறோம். ஒன்று, ஹிட்லர் காலத்து யூதப் படுகொலை பற்றிய எழுத்துகளில். இன்னொன்று, அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைப் பற்றிப் பேசும்போது. இந்த இரண்டுக்கும் முன்னாலேயே அந்தச் சொல் சில நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கிறது. அந்தக் கதை தெரியாமல் பின்னால் நடந்ததைப் படித்தால் பாதிதான் புரியும் என்று எனக்குத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் மொழிபெயர்ப்புச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். சிலர் இதைச் சேரி என்று எழுதுகிறார்கள், சிலர் குடிசைப்பகுதி என்று. இரண்டும் பொருந்தவில்லை. சேரிக்கு அதற்கென்று ஒரு சாதி வரலாறு இருக்கிறது, அதை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் இரண்டு வரலாறும் மங்கிப்போகும். குடிசைப்பகுதி என்றால் வறுமைதான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஐரோப்பாவின் மிகப் பெரிய வங்கிக் குடும்பமே ஒரு கெட்டோவிலிருந்து வந்ததுதான். பணக்காரரும் பரம ஏழையும் ஒரே சந்துக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். கெட்டோவைக் கெட்டோ ஆக்கியது ஒரு கதவு. அதை யார் பூட்டுகிறார்கள், எப்போது திறக்கிறார்கள், பூட்டுகிறவனுக்குக் கூலி யார் தருகிறார்கள் என்ற கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனாலே வரலாற்றின் பெரும்பகுதி தெளிவாகிவிடும்.

யூதர்கள் ஒன்றாக ஒரு தெருவில் வாழ்வது புதிய விஷயம் அல்ல. ஜெப ஆலயம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், ஓய்வுநாளில் வண்டி ஏறக்கூடாது, சமயச் சட்டப்படி அறுத்த இறைச்சி வேண்டும், சடங்குக் குளியலுக்கு நீர்த்தொட்டி வேண்டும். அதனால் இடைக்கால ஐரோப்பாவில் பல ஊர்களில் யூதத் தெருக்கள் தாமாகவே உருவாகியிருந்தன. அங்கே கிறிஸ்தவர்களும் குடியிருந்தார்கள், யூதர்களும் வெளியே வீடு பார்த்துப் போக முடிந்தது. இதைக் கெட்டோ என்று சொல்ல முடியாது. கட்டாயம், மதில், பூட்டு, உள்ளே யூதர்கள் மட்டும் என்று எல்லாம் சேர்ந்தால்தான் கெட்டோ.

அந்தப் பெயர் பிறந்த ஊர் வெனிஸ். 1509இல் அன்யாதெல்லோ என்ற இடத்தில் நடந்த போரில் வெனிஸ் குடியரசு படுதோல்வி அடைந்தது. எதிரிப் படைகள் உள்நாட்டுப் பகுதிகளுக்குள் புகுந்ததும் மெஸ்த்ரே, பதுவா போன்ற ஊர்களில் வட்டிக்கடை நடத்திவந்த யூதக் குடும்பங்கள் உயிர் தப்பி வெனிஸ் நகருக்குள் ஓடிவந்தன. அதுவரை அவர்களுக்கு நகருக்குள் நிரந்தரமாகத் தங்க அனுமதி இருந்ததில்லை. வந்தவர்களை அரசுக்கு வேண்டியிருந்தது, போர்ச் செலவுக்கு அவர்களிடமிருந்து வரி கிடைக்கும், வட்டிக்குக் கடன் கொடுக்கக் கிறிஸ்தவர்களுக்குத் திருச்சபை விதித்த தடை இருந்ததால் நகரத்து ஏழைகளுக்கு அவசரத்துக்கு அடகு பிடிக்கவும் ஆள் வேண்டும். ஆனால் ஈஸ்டர் காலம் வந்தால் துறவிகள் மேடை ஏறி, யூதர்களை ஊருக்குள் விட்டதால்தான் கடவுள் கோபம் கொண்டார், அதனால்தான் தோற்றோம் என்று பிரசங்கம் செய்தார்கள்.

வேண்டும், ஆனால் பக்கத்தில் இருக்கக்கூடாது. இந்த இழுபறிக்கு செனட் கண்டுபிடித்த வழிதான் 1516 மார்ச் 29 ஆணை. நகரில் இருந்த சுமார் 700 யூதர்களும் கன்னரேஜியோ பகுதியில் கால்வாய்களால் சூழப்பட்ட ஒரு சின்னத் தீவுக்குக் குடிபெயர வேண்டும். அங்கே முன்னால் செம்பு வார்ப்படப் பட்டறை இருந்தது. வார்ப்படப் பட்டறைக்கு வெனிஸ் பேச்சில் ஜெத்தோ. ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்களின் நாவில் அது கெட்டோ ஆகிவிட்டது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இதில் ஒரு குழப்பமும் உண்டு. 1516இல் யூதர்களை அடைத்த இடத்தின் பெயர் கெட்டோ நுவோவோ, அதாவது புதிய கெட்டோ. 1541இல் கூடுதலாகக் கொடுத்த பக்கத்து இடத்தின் பெயர் பழைய கெட்டோ. பழையதும் புதியதும் அந்தப் பட்டறையைக் குறித்தவை, யூதர்களைக் குறித்தவை அல்ல. வெனிஸ் போகிற பலரும் இங்கே தடுமாறுவார்கள்.

ஆணையின் விவரங்களைப் படித்தால்தான் அதன் கனம் தெரியும். தீவில் ஏற்கெனவே குடியிருந்த கிறிஸ்தவர்கள் காலி செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் வாடகையில் மூன்றில் ஒரு பங்கை உயர்த்திக்கொள்ளலாம், உயர்த்திய தொகைக்கு வரியும் கிடையாது. யூதர்கள் வீடு வாங்கவே முடியாது, வாடகைக்கு மட்டும்தான். வெளிப்புறக் கால்வாய்ப் பக்கம் திறக்கும் வாசல்களை அடைக்க வேண்டும். காலையில் சான் மார்க்கோ கோபுரத்து மரங்கோனா மணி அடித்ததும் கதவு திறக்கும், இரவானால் மூடும். வெளியே அகப்பட்டால் அபராதம். கதவுக்கு நான்கு கிறிஸ்தவக் காவலர்கள், சுற்றியுள்ள கால்வாய்களில் இரவெல்லாம் ரோந்து போக இரண்டு படகுகள். இவ்வளவுக்கும் ஆகும் செலவை யூதர்களே கட்ட வேண்டும். தன்னைப் பூட்டி வைப்பதற்குத் தானே மாதாமாதம் கூலி கொடுக்கிற இந்த ஏற்பாடு இத்தாலியின் வேறு பல ஊர்களுக்கும் பரவியது. பின்னால் வார்சாவிலும் இதையே பார்க்கப்போகிறோம்.

மருத்துவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு இருந்தது. இரவில் ஒரு கிறிஸ்தவப் பிரபுவுக்கு நோய் முற்றினால் யூத மருத்துவர் வெளியே போகலாம், பிறகு எந்த வீட்டுக்குப் போனார் என்று சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அனுமதித்த தொழில்கள் குறைவு: அடகுக்கடை, பழைய துணி வியாபாரம், பிறகு கடல்கடந்த வணிகம். வெளியே போகும்போது தலையில் மஞ்சள் தொப்பி, பிற்காலத்தில் சிவப்பு. இருக்கும் அனுமதியும் நிரந்தரம் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பேரம், ஒவ்வொரு முறையும் பயம். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏழைகளுக்கான அடகுக்கடனின் வட்டியை 5 சதவீதமாக அரசு இறக்கிவிட்டது. அந்த வட்டிக்குக் கடை நடத்தினால் நஷ்டம்தான். ஆனாலும் நடத்தித்தான் ஆக வேண்டும், நஷ்டத்தைச் சமூகம் முழுக்கப் பங்கு போட்டுக் கட்டியது. நகரத்தில் தங்குவதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மற்ற நாடுகள் செய்ததோடு ஒப்பிட்டால் வெனிஸ் செய்தது வெளியேற்றம் அல்ல. இங்கிலாந்து 1290இல் யூதர்களைத் துரத்தியது, ஸ்பெயின் 1492இல் துரத்தியது, போர்ச்சுகல் 1497இல் வலுக்கட்டாயமாக மதம் மாற்றியது. அப்படித் துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் பிற்பாடு வெனிஸ் கெட்டோவுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். வெரோனா நகரத்து யூதர்கள் தங்களுக்குக் கெட்டோ அமைந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாடியிருக்கிறார்கள். முதலில் படித்தபோது எனக்கு இது விளங்கவே இல்லை. மதிலுக்கு உள்ளே இருந்தால் கலவரக் கும்பல் சுலபமாக நுழைய முடியாது, எங்கே இருக்கலாம் என்பது எழுத்தில் உறுதியாகிவிட்டது, இனி ஊரைவிட்டுத் துரத்தமாட்டார்கள். வீதிக்கு விரட்டப்படும் பயத்திலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது. அதற்காக கெட்டோவைப் பாதுகாப்பு என்று எழுதுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. அதே இத்தாலியில் லிவோர்னோ துறைமுகத்தில் யூதர்களுக்குக் கெட்டோவே வைக்கவில்லை, விரும்பிய இடத்தில் குடியிருந்தார்கள், ஊரும் செழித்தது. வேறு வழி இருந்தது, பெரும்பாலான ஊர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இடம் குறைவு, ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். பக்கவாட்டில் போக முடியாது என்பதால் மேலே போனார்கள். வெனிஸ் நகரத்தின் மற்ற பகுதிகளில் மூன்று நான்கு மாடி என்றால் இங்கே ஏழெட்டு மாடி, ஒவ்வொரு மாடியின் கூரையும் கைக்கு எட்டும் உயரத்தில். இன்றும் கெட்டோ நுவோவோ சதுக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்பது தெரியும். கட்டடங்களின் மேல்மாடிகளில்தான் ஜெப ஆலயங்களைக் கட்டினார்கள். ஜெர்மானிய யூதர்களுக்கு ஒன்று, இத்தாலிய யூதர்களுக்கு ஒன்று, துருக்கிய ஆட்சிப் பகுதியிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, ஸ்பெயின் வழி வந்தவர்களுக்கு ஒன்று, கந்தோன் என்ற இன்னொன்று என மொத்தம் ஐந்து. கீழே நின்று பார்த்தால் சாதாரணக் குடியிருப்பு மாதிரி இருக்கும், உள்ளே போனால் தங்க வேலைப்பாடு. ஒரே கெட்டோவுக்குள் இத்தனை மொழி, இத்தனை சமையல், இத்தனை வழிபாட்டு முறை. வெளியே இருந்தவர்களுக்கு எல்லோரும் யூதர், அவ்வளவுதான். உள்ளே அவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியராக வந்து, சண்டை போட்டு, சம்பந்தம் செய்து, ஒரு ஊராக ஆனார்கள்.

புத்தகங்களும் அங்கிருந்து கிளம்பின. ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த கிறிஸ்தவரான தானியேல் பொம்பெர்க் 1520க்கும் 1523க்கும் இடையில் யூதச் சமயச் சட்டத் தொகுப்பான தால்முத் முழுவதையும் வெனிஸில் அச்சிட்டார், அவர் வகுத்த பக்க அமைப்பைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1553இல், அதே வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்தில் தால்முத் பிரதிகளைக் குவித்து எரித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ரப்பி, அதாவது யூத மதகுரு, லியோன் மோதெனா கெட்டோவில் பிரசங்கம் செய்தால் கேட்பதற்குக் கிறிஸ்தவத் துறவிகளும் வருவார்கள். சூதாட்டப் பழக்கத்தால் கையிருப்பையெல்லாம் தொலைத்த அவர், பிழைப்புக்காகத் தான் பார்த்த 26 வேலைகளைப் பட்டியல் போட்டுத் தன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். பாடம் சொல்லிக்கொடுப்பது, கடிதம் எழுதிக்கொடுப்பது, கல்யாணத் தரகு என்று நீளும் பட்டியல். அதே காலத்தில் வாழ்ந்த சாரா கோப்பியோ சுல்லாம் கவிஞர், தன் வீட்டில் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் கூட்டி இலக்கியம் பேசியவர். கதவு பகலில் திறந்திருந்தது என்பதை இங்கே மறக்கக்கூடாது. வியாபாரிகள் வந்தார்கள், அடகு வைக்க ஏழைகள் வந்தார்கள், அறிஞர்கள் வந்தார்கள். 1638இல் சிமோனே லுத்சாத்தோ என்ற ரப்பி வெனிஸ் யூதர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தங்கள் சமூகம் குடியரசுக்கு எவ்வளவு வருமானம் தருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுவதே அதன் முக்கிய வாதம். மனிதர்கள் என்பதால் எங்களை இருக்க விடுங்கள் என்று வாதாட முடியாத நிலையில், உங்களுக்கு லாபம் என்பதால் இருக்க விடுங்கள் என்று எழுத வேண்டியிருந்தது. படிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

ரோமில் கதை இன்னும் கடுமை. அங்கே யூதர்கள் இயேசு பிறப்பதற்கு முன்பிருந்தே வாழ்ந்துவந்தவர்கள். 1555 ஜூலை 14 அன்று போப் நான்காம் பவுல் ஒரு ஆணை வெளியிட்டார். யூதர்கள் கிறிஸ்தவர்களோடு கலந்து வாழ்வது அபத்தத்தின் உச்சம் என்ற கருத்தோடு தொடங்கும் ஆணை அது. தைபர் நதிக்கரையில், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் முதலில் மூழ்கும் பள்ளத்தில், அவர்களைக் கொண்டுபோய் அடைத்தார்கள். சொத்துகளை விற்றுவிட வேண்டும், புதுத்துணி விற்கக்கூடாது, கந்தல் வியாபாரம் மட்டும்தான். ஒரே ஒரு ஜெப ஆலயத்துக்குத்தான் அனுமதி என்பதால் ஐந்து சபைகளை ஒரே கூரையின் கீழ் வைத்துச் சட்டத்தைச் சமாளித்தார்கள். வெனிஸின் நோக்கம் வருமானம், ரோமின் நோக்கம் மனமாற்றம். வாழ்க்கையைத் தாங்க முடியாததாக்கினால் ஞானஸ்நானம் பெற வந்துவிடுவார்கள் என்று திருச்சபை எதிர்பார்த்தது. பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் யூதர்கள் கட்டாயமாகப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டிய பிரசங்கங்களையும் ஏற்படுத்தினார்கள். காதில் மெழுகை அடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள் என்று சொல்வது உண்டு. கெட்டோ வாசலுக்கு எதிரே இருந்த ஒரு தேவாலயத்தின் முகப்பில், அடங்காத ஜனத்தை நோக்கி நாள் முழுதும் கை நீட்டினேன் என்ற ஏசாயாவின் வசனத்தை எபிரேயத்திலும் லத்தீனிலும் பொறித்துவைத்திருக்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு நாளும், தங்கள் வேதத்தின் வரியையே தங்களுக்கு எதிராகப் படித்துக்கொண்டு போக வேண்டும்.

அந்த நெருக்கடிக்குள்ளும் ஒரு வழக்கம் முளைத்தது. வீடு சொந்தமாக முடியாது, ஆனால் வாடகைக்காரரை உரிமையாளர் நினைத்தபடி வெளியேற்றவும் முடியாது. அதனால் குடியிருக்கும் உரிமையே சொத்தாக மாறிவிட்டது. அப்பா மகனுக்கு எழுதிவைத்தார், மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். கசகா என்று அதற்குப் பெயர். அடுப்படியிலும் இப்படித்தான், கூனைப்பூவை முழுசாக எண்ணெயில் பொரித்தெடுக்கும் யூதப் பாணி உணவு இன்று ரோமின் அடையாளச் சாப்பாடுகளில் ஒன்று, போர்த்திகோ தோத்தாவியா தெருவில் அதைச் சாப்பிட வரிசை நிற்கிறது.

ஜெர்மனியில் பிராங்ஃபர்ட் நகரத்து யூதச் சந்து வெனிஸுக்கும் முந்தியது. 1462இல் யூதர்களை அங்கே குடியேற்றினார்கள், அப்போது கெட்டோ என்ற பெயர்தான் இல்லை. பழைய நகர மதிலை ஒட்டி வளைந்து போகும் சுமார் 330 மீட்டர் நீளச் சந்து, மூன்று நான்கு மீட்டர் அகலம். பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்குள் ஏறத்தாழ 3,000 பேர். இரவில் பூட்டு, ஞாயிற்றுக்கிழமை பூட்டு, கிறிஸ்தவப் பண்டிகை என்றால் பூட்டு. 1614இல் வின்சென்ஸ் ஃபெட்மில்ஷ் என்ற பலகாரக்காரரின் தலைமையில் ஒரு கும்பல் அந்தச் சந்துக்குள் புகுந்து சூறையாடி எல்லோரையும் ஊரைவிட்டே விரட்டியது. பேரரசர் தலையிட்டு 1616இல் ஃபெட்மில்ஷின் தலையை வெட்டினார், யூதர்கள் ஊர்வலமாகத் திரும்பிவந்தார்கள். ஆனால் அதோடு சேர்ந்து வந்த சட்டத்தைப் பாருங்கள்: 500 குடும்பங்களுக்கு மேல் இருக்கக்கூடாது, வருடத்துக்கு 12 திருமணங்கள்தான் நடக்கலாம். எத்தனை இளைஞர்கள் வரிசையில் காத்திருந்து வயதாகிப் போயிருப்பார்கள்!

அங்கே வீடுகளுக்கு எண் கிடையாது, வாசலில் தொங்கும் அடையாளம்தான் முகவரி. சிவப்புக் கேடயம் மாட்டிய வீட்டில் முன்னோர் இருந்ததால் ஒரு குடும்பத்துக்கு ரோத்ஷில்ட் என்று பெயர் வந்தது. மாயர் அம்ஷெல் ரோத்ஷில்ட் 1744இல் இந்தச் சந்தில்தான் பிறந்தார். அவருடைய ஐந்து மகன்களும் லண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ், பிராங்ஃபர்ட் என்று பரவி அரசர்களுக்கே கடன் கொடுத்தார்கள். அவர் மனைவி குட்லெ, மகன்கள் மாளிகை கட்டிய பிறகும், கட்டாயம் எல்லாம் நீங்கிய பிறகும், 1849இல் சாகும்வரை சந்துக்குள் இருந்த அந்தப் பழைய வீட்டை விட்டுப் போகவில்லை.

கதவுகளை உடைத்தது பிரெஞ்சுப் புரட்சியின் படை. 1796இல் பிரெஞ்சுக்காரர்கள் சுட்ட குண்டுகளில் பிராங்ஃபர்ட் சந்தின் ஒரு பகுதி எரிந்தே போனது. 1797 மே மாதம் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது, ஜூலை 10 அன்று கெட்டோவின் கதவுகளைப் பெயர்த்து சதுக்கத்தின் நடுவில் போட்டுக் கொளுத்தினார்கள். யூதர்களும் கிறிஸ்தவர்களும் நெருப்பைச் சுற்றி ஆடினார்கள். ஆனால் இது நேர்கோட்டில் நடந்த விடுதலை அல்ல. நெப்போலியன் தோற்றதும் பல ஊர்களில் பழைய தடைகள் திரும்பின. ரோமில் 1848இல் யூதர்களின் பாஸ்கா பண்டிகை இரவன்று போப் ஒன்பதாம் பத்திநாதர் மதிலை இடிக்கச் சொன்னார், புரட்சி அடங்கிய பிறகு கட்டுப்பாடுகளை அவரே மறுபடி கொண்டுவந்தார். 1870இல் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்த பிறகுதான் அது முழுமையாக முடிந்தது. மேற்கு ஐரோப்பாவில் கடைசிவரை நீடித்த கெட்டோ அதுதான்.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் நடந்ததை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1907இல் எர்னெஸ்தோ நாதான் என்ற யூதர் ரோம் நகரத்தின் மேயர். 1910இல் வெனிஸில் பிறந்த யூதரான லுயிஜி லுத்சாத்தி இத்தாலியின் பிரதமர். ரோமின் பழைய கெட்டோவை இடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் 1904இல் பெரிய ஜெப ஆலயம் எழுந்தது. பிராகாவிலும் பிராங்ஃபர்ட்டிலும் இதேபோல் பழைய யூதத் தெருக்களைச் சுகாதாரம் என்ற காரணத்தில் இடித்து அகலப்படுத்தினார்கள். கெட்டோ என்பது பழங்கதை ஆகிவிட்டது என்றே அந்தத் தலைமுறை நம்பியது, அப்படி நம்ப அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

அப்புறம் நாஜிகள் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழைய கெட்டோவின் தொடர்ச்சி என்றே பலர் இதை எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெனிஸ் கெட்டோவின் நோக்கம் யூதர்களை விலக்கி வைத்து, ஆனால் கூடவே வைத்திருப்பது. 1939 செப்டம்பர் 21 அன்று நாஜி பாதுகாப்புக் காவல்துறைத் தலைவர் ஹைட்ரிஷ் அனுப்பிய உத்தரவு போலந்து யூதர்களைக் கிராமங்களிலிருந்து திரட்டி, ரயில் பாதைக்கு அருகிலுள்ள நகரங்களில் குவிக்கச் சொன்னது. ஏன் ரயில் பாதை என்பது பின்னால் எல்லோருக்கும் புரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் போலந்தின் லோட்ஸ் பகுதியின் ஜெர்மானிய நிர்வாகி ஊபெல்ஹோர், கெட்டோ ஒரு இடைக்கால ஏற்பாடு மட்டுமே என்று குறிப்பில் எழுதிவைத்தார். போலந்து, லித்துவேனியா, பெலாரூஸ், உக்ரைன் என்று ஜெர்மனி பிடித்த கிழக்குப் பகுதிகளில் 1,100க்கும் மேற்பட்ட கெட்டோக்களை அமைத்தார்கள். இவற்றில் மிகப் பெரும்பாலான ஊர்களில் இத்தாலி பாணிக் கெட்டோ ஒருநாளும் இருந்ததில்லை.

வார்சாவில் நகர மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம் யூதர்கள். அவர்களை நகரப் பரப்பில் 2.4 சதவீத இடத்துக்குள் தள்ளி 1940 நவம்பர் 16 அன்று அடைத்தார்கள். வெளியூர்களிலிருந்து கொண்டுவந்தவர்களும் சேர்ந்து 4 லட்சத்துக்கும் அதிகமானோர். மூன்று மீட்டர் உயர மதில், மேலே கண்ணாடிச் சில்லும் முள்கம்பியும். அந்த மதிலைக் கட்டிய செலவை, யூதர்களை நிர்வகிக்க நாஜிகளே அமைத்த யூத மன்றத்தின் தலையில்தான் கட்டினார்கள். நானூறு வருடத்துக்கு முந்தைய வெனிஸ் ஏற்பாட்டிலிருந்து நாஜிகள் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான் என்று தோன்றுகிறது. காலை மணி அடித்ததும் கதவு திறக்கும் என்ற பாதியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. 1941 அக்டோபரிலிருந்து அனுமதியில்லாமல் வெளியே போனால் மரண தண்டனை.

உள்ளே பசி. அதிகாரபூர்வ உணவுப் பங்கீட்டில் உயிர் வாழவே முடியாது, மதிலின் ஓட்டைகளில் நுழைந்து சிறுபிள்ளைகள் கடத்திவந்த ரொட்டியிலும் உருளைக்கிழங்கிலும்தான் பல குடும்பங்கள் நாளைக் கடத்தின. பசியாலும் நோயாலும் 1942 நடுப்பகுதி வரை சுமார் 83,000 பேர் இறந்தார்கள். அந்தக் கெட்டோவின் மருத்துவர்கள் இஸ்ராயேல் மிலெய்கோவ்ஸ்கியின் தலைமையில் ஒரு காரியம் செய்தார்கள். பட்டினியால் மனித உடலுக்கு என்ன நடக்கிறது என்று, தாங்களும் பட்டினி கிடந்துகொண்டே, நோயாளிகளை அளந்து, ரத்தம் பரிசோதித்து, எழுதிவைத்தார்கள். 1942 ஜூலையில் நாடுகடத்தல் தொடங்கியதும் ஆய்வு நின்றது. கையெழுத்துப் பிரதியை மதிலுக்கு வெளியே கடத்தினார்கள், 1946இல் அது நூலாக வந்தது. ஆய்வு செய்த மருத்துவர்களில் பெரும்பாலோர் அப்போது உயிரோடு இல்லை.

1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் 21 வரை, இரண்டே மாதத்தில், வார்சாவிலிருந்து சுமார் 2,65,000 பேரை ரயிலில் ஏற்றி ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். யூத மன்றத் தலைவர் ஆதாம் செர்னியாகோவ் ஜூலை 23 அன்று தற்கொலை செய்துகொண்டார். மிஞ்சியவர்களில் இளைஞர்கள் 1943 ஏப்ரல் 19 அன்று ஆயுதம் எடுத்தார்கள், கைத்துப்பாக்கியும் வீட்டில் செய்த குண்டும் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளூமும் அவர் குழுவினரும் வேறு விதத்தில் போராடினார்கள். நாட்குறிப்பு, உணவுப்பங்கீட்டு அட்டை, சுவரொட்டி, பள்ளிக் கட்டுரை, மிட்டாய்க் காகிதம் உட்பட கிடைத்ததையெல்லாம் சேகரித்து, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்தார்கள். 1946இல் ஒரு பகுதியும் 1950இல் இன்னொரு பகுதியும் இடிபாடுகளுக்கு அடியில் கிடைத்தன. மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. கெட்டோவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு உள்ளே இருந்தவர்கள் எழுதியதாக இருப்பதற்கு இவர்கள்தான் காரணம். இல்லையென்றால் ஜெர்மானிய அதிகாரிகளின் கோப்புகளையும் அவர்கள் எடுத்த புகைப்படங்களையும் வைத்துத்தான் அந்த மக்களை நாம் பார்த்திருப்போம்.

பழைய கெட்டோ இருந்த ஊர்களுக்கும் நாஜிகள் வந்தார்கள். 1943 செப்டம்பரில் ரோமில் நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி காப்லர் 36 மணி நேரத்தில் 50 கிலோ தங்கம் கொடுக்காவிட்டால் ஆட்களைப் பிடிப்போம் என்றார். மோதிரமும் சங்கிலியும் கழற்றிச் சேர்த்தார்கள், கிறிஸ்தவ அண்டைவீட்டார் சிலரும் வந்து கொடுத்தார்கள், தங்கம் போய்ச் சேர்ந்தது. அக்டோபர் 16 விடியற்காலையில் படை வந்து 1,000க்கும் மேற்பட்டோரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனது. திரும்பிவந்தவர்கள் 16 பேர். வெனிஸில் சமூகத் தலைவராக இருந்த மருத்துவர் ஜூசெப்பே ஜோனாவிடம் யூதர்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்டார்கள். அவர் பட்டியலைக் கொடுக்காமல் உயிரை விட்டார். அப்படியும் இருநூற்றுச் சொச்சம் பேரைப் பிடித்துப் போனார்கள்.

இதற்கிடையில் இந்தச் சொல் அட்லாண்டிக்கைக் கடந்து வேறு பொருள் கொண்டிருந்தது. அமெரிக்காவில் முதலில் யூதக் குடியேறிகளின் தெருக்களைக் கெட்டோ என்றார்கள், பிறகு கறுப்பின மக்களின் பகுதிகளை. அங்கே மதில் இல்லை. ஆனால் கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள், உச்ச நீதிமன்றம் 1948இல்தான் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்றது. வீட்டுக்கடன் கொடுக்கக்கூடாத பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு அடித்தார்கள். வங்கிக் கோப்பும் கிரயப் பத்திரமும் கதவின் வேலையைச் செய்தன. நாளடைவில் அந்தச் சொல் பூட்டியவர்களை விட்டுவிட்டு, உள்ளே இருந்தவர்களின் பேச்சையும் உடையையும் இழிவாகக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் மாறியது. சொல்லுக்கு நேர்ந்ததிலேயே மோசமானது இதுதான் என்று நினைக்கிறேன். கெட்டோ என்பது அங்கே வாழ்ந்தவர்களின் குணம் அல்ல, அவர்களுக்கு வெளியே இருந்தவர்கள் எடுத்த முடிவு.

பிராங்ஃபர்ட்டில் 1987இல் ஒரு கட்டடத்துக்குத் தோண்டும்போது யூதச் சந்தின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. அவற்றை மூடிக் கட்டுவதா, காப்பாற்றுவதா என்று பெரிய போராட்டமே நடந்தது, கடைசியில் ஐந்து வீடுகளின் அடித்தளத்தை மட்டும் புதுக் கட்டடத்துக்குள் வைத்து 1992இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வார்சாவில் மதில் போன தடத்தை நடைபாதையில் இரும்புப் பட்டை பதித்துக் காட்டியிருக்கிறார்கள், 1940–1943 என்று ஆண்டும் போட்டு. மக்கள் அதன்மேல் நடந்து வேலைக்குப் போகிறார்கள்.

வெனிஸுக்குப் போக வாய்த்தால் கன்னரேஜியோ கால்வாய் பக்கமிருந்து பழைய கெட்டோவுக்குள் நுழையும் தாழ்வான வழியைத் தேடிப் பாருங்கள். உள்ளே சுவரில் 1704ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. மதம் மாறிய யூதர்கள் இங்கே வந்து போகக்கூடாது, வந்தால் சிறை, சவுக்கடி, கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை, காட்டிக்கொடுப்பவருக்குச் சன்மானம், அவர் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். தாய் தகப்பனைப் பார்க்க வரும் பிள்ளைக்கும் அதே தண்டனைதான். அந்த வழியின் வாசலில், இரண்டு பக்கக் கல்லிலும், கதவின் கீல்கள் பொருந்தியிருந்த குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.